நண்டுண்ணியும் நாமும்

சென்ற ஆண்டு நெடுநாள் வரையில் நம் வீட்டு முன்கூடத்தில் ஒரு படம் தொங்கிக்கொண்டிருந்தது. நீலமும் சாம்பலுமாய் விரிந்த கடல். அதன்மேல் முப்பதுக்கும் மேற்பட்ட கறுப்பு வெள்ளைப் பறவைகள், சிறகை அகல விரித்து, நீண்ட கால்களைப் பின்னே நீட்டி, ஒரே மூச்சில் எழும்புகின்ற கோலம். வீட்டுக்கு வந்தோர் அனைவரும் அதன் முன்னே சற்று நின்றுதான் உள்ளே வந்தனர். உயிருள்ளவற்றின் உருவத்தைச் சுவரில் மாட்டலாமா என்று மூத்தவர் ஒருவர் மட்டும் முகம் சுளித்தார். அந்த வினாவை நாம் இங்கே எடுத்துக்கொள்ளப் போவதில்லை. அது ஆலிம்களின் பொறுப்பு. நம்மை உறுத்திய வினா அதற்கும் முந்தியது. படம் சுவருக்கு வருமுன்னர் கடற்கரையில் நடந்ததைப் பற்றியது.

அபுதாபியில் பணிபுரியும் நம் தங்கை மகனுக்கு அந்தப் படத்தைக் கைப்பேசி வழியே அனுப்பியிருந்தோம். பிறரெல்லாம் 'அருமை' என்றும் 'அற்புதம்' என்றும் எழுதிய இடத்தில் அவன் ஒரே ஒரு வரி எழுதினான். "மாமா, இதுங்க எல்லாம் ஏன் ஒண்ணா எந்திரிச்சுப் பறக்குதுங்க?"

விடை நமக்குத் தெரியும். நாம் ஓடினோம், அவை பறந்தன. ஆயினும் அவனுக்கு அன்று நாம் மறுமொழி எழுதவில்லை.

முதலில் பறவையை அறிமுகம் செய்துவிடுவோம். நண்டையே தலையாய உணவாகக் கொள்வதால் இதனை நண்டுண்ணி என்று வழங்குவோம். விலங்கியலார் இட்ட பெயர் துரோமாஸ் ஆர்டியோலா என்பது; முற்பாதி ஓட்டத்தையும், பிற்பாதி சிறு கொக்கையும் குறிக்கும். அலகின் நுனியிலிருந்து வாலின் நுனிவரை ஏறத்தாழ 40 சென்டிமீட்டர். உடலெல்லாம் வெண்மை; முதுகிலும் இறகின் ஓரத்திலும் மையைத் தீட்டினாற்போன்ற கருமை. கால்கள் நீலம் கலந்த சாம்பல் நிறம். கரையோரத்து உள்ளான்களுக்கெல்லாம் அலகு மெல்லிய ஊசியைப் போலிருக்க, இதற்கு மட்டும் கறுத்துத் தடித்த குத்துவாள். நண்டின் ஓட்டை உடைக்க ஊசி போதாதன்றோ? தன் குடும்பத்தில் தன்னையன்றி வேறோர் இனம் இல்லாத தனிப்பிறவி என்று அறிவியலார் இதனை ஒதுக்கி வைத்திருக்கின்றனர்.

இதன் இல்லறம் இன்னும் வியப்புக்குரியது. கடற்கரைப் பறவைகளில் மிகப் பல, திறந்த மணலில், மணலோடு மணலாய்த் தோன்றும் புள்ளியிட்ட முட்டைகளை இடுவன. நண்டுண்ணியோ மணல்மேட்டைக் குடைந்து, ஒரு மீட்டருக்கும் மேல் நீளமான வளை தோண்டி, அதன் கடைக்கோடியில் பெரும்பாலும் ஒரே ஒரு முட்டை இடும். அந்த முட்டை தூய வெள்ளை. இருட்டறையில் எவர் கண்ணுக்கு அஞ்சி அது புள்ளி போட்டுக்கொள்ள வேண்டும்? பாலைவெயிலில் காய்ந்த மணலே முட்டைக்கு வேண்டிய சூட்டின் பெரும்பங்கைத் தந்துவிடுவதால், தாயும் தந்தையும் வெகுநேரம் அதைத் தனியே விட்டுவிட்டு இரை தேடப் போகும். குஞ்சு பொரிந்த பின்னரும் ஏனைய உள்ளான் குஞ்சுகளைப்போல் உடனே எழுந்து ஓடுவதில்லை. வளைக்குள்ளேயே இருந்து பெற்றோர் கொண்டுவரும் நண்டை வாங்கி உண்ணும். பறவைக் குலத்தில் கோஷா காக்கும் குடும்பம் ஒன்று உண்டென்றால் அது இதுவே எனலாம்.

இந்த இல்லறம் நடக்கும் இடங்களின் பெயர்களைச் சொன்னால் நம் வாசகர்களுக்கு அவை அயலாகத் தோன்றா. குவைத்தின் பூபியான் தீவு, அபுதாபியின் கரையோரத் தீவுகள், ஈரான், ஓமன் கரைகள், செங்கடலின் பரசான், எரித்திரியாவின் தஹ்லக் தீவுகள். ஏப்ரல் முதல் ஆகஸ்டு வரை அங்கே குடும்பம் நடத்திவிட்டு, குளிர்காலத்தைக் கழிக்கக் கிழக்காப்பிரிக்கக் கரைக்கும் மாலத் தீவுகளுக்கும் இந்திய, இலங்கைக் கரைகளுக்கும் பரந்து செல்லும். உலகில் மொத்தம் 60,000 முதல் 80,000 வரை இருக்கலாம் என்பது கணிப்பு. அவற்றுள் சில கூட்டங்கள் ஆண்டுதோறும் மன்னார் வளைகுடாவின் தீவுகளுக்கும் தனுஷ்கோடி மணல் திட்டுகளுக்கும் வந்து இறங்குகின்றன. அரபுக் கரைக்கும் நம் கரைக்கும் இடையே இப்படியொரு போக்குவரவு இருப்பது புதிதன்று. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ காயல் துறையைப் பற்றி எழுதியபோது, ஹுர்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் குதிரைகளோடு வந்து நின்ற கலங்களைக் குறித்து வைத்தார். குதிரைக் கலங்கள் போயின. இன்று இராமநாதபுரத்துக் கரையின் இளைஞர்கள் விசா வாங்கிக்கொண்டு அங்கே போகிறார்கள், விசா கேட்காத இப்பறவை அங்கிருந்து இங்கே வருகிறது. நம் தங்கை மகன் வேலை பார்க்கும் ஊர்ப்பக்கத்துத் தீவில் பிறந்த பறவை ஒன்று அவன் பிறந்த ஊர்ப்பக்கத்துக் கரையில் நண்டு தேடுகிறது என்னும் எண்ணமே நம்மை முதன்முதலாகக் காமிராவோடு தனுஷ்கோடிக்கு இழுத்துச் சென்றது.

தை மாதத்து விடியற்காலை அது. தனுஷ்கோடியின் வடக்கே பெண்கடல், தெற்கே ஆண்கடல் என்பர் அவ்வூரார். அன்று இரண்டுமே அடங்கிக் கிடந்தன. 1964 டிசம்பர் 22-ஆம் நாள் இரவுப் புயலில் அழிந்த ஊரின் எச்சங்கள், கூரையற்ற தேவாலயம், ரயிலடியின் சுவர்கள் எல்லாம் மங்கிய ஒளியில் நின்றன. 2017-இல் சாலை அரிச்சல்முனை வரைக்கும் திறக்கப்பட்ட பின்னர் அங்கே காமிரா இல்லாமல் வருவோர் அரிது. தேவாலயத்தின் அருகே சங்கும் சிப்பி மாலையும் விற்கும் மூதாட்டி ஒருவர் கடை பரப்பிக்கொண்டிருந்தார். இளவெயில் அவர் முகத்தின் சுருக்கங்களில் விழுந்திருந்த அழகைக் கண்டு நாம் காமிராவை உயர்த்தினோம். அவர் சேலைத் தலைப்பால் முகத்தை மறைத்து, "வேணாம்யா, படம் எடுக்காதீக" என்றார். உடனே காமிராவைத் தாழ்த்தினோம், மன்னிப்பும் கேட்டோம். அதற்காக நம் நற்பண்பைப் பாராட்டிக்கொண்டதாகவும் நினைவு.

அடுத்த ஒரு மணி நேரத்தில் நடந்ததைச் சொல்வதற்காகவே இதைச் சொன்னோம்.

நீர் வடிந்த சேற்றுப் பரப்பில் நண்டுண்ணிக் கூட்டம் நின்றிருந்தது. ஒன்று நான்கடி ஓடும், சிலைபோல் நிற்கும், திடீரென்று குனிந்து குத்தும். சிறு நண்டாயின் முழுதாக விழுங்கும். பெரிதாயின் உதறி உதறிக் காலைக் கழற்றிய பின்னர் ஓட்டை உடைக்கும். கூட்டத்தின் ஓரத்தில் ஒரு சோடி தனித்து நின்றது. ஒன்றின் முதுகு கறுப்பு. மற்றதன் முதுகு சாம்பல். சாம்பல் முதுகு அவ்வாண்டில் பிறந்த குஞ்சுக்கு அடையாளம். கரையோரப் பறவைகளுள் பல, குஞ்சு பறக்கத் தொடங்கியதும் அதனை அதன் வழிக்கு விட்டுவிடும். நண்டுண்ணி அப்படியன்று, கடல் கடந்து குளிர்காலம் கழிக்க வந்த இடத்திலும் பிள்ளைக்கு ஊட்டும். நண்டை அடக்கி உடைக்கும் தேர்ச்சி கைவர நாளாவதே இதற்குக் காரணம் எனக் கருதுவர். சாம்பல் முதுகுக் குஞ்சு தாயின் முன்னே முழங்காலிட்டதைப் போலத் தாழ்ந்து, தலையைக் கழுத்துக்குள் இழுத்துக்கொண்டு, மெல்லிய சீழ்க்கையால் கேட்டுக்கொண்டிருந்தது. கறுப்பு முதுகு நண்டொன்றின் கால்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தது. (தாயென்று எழுதிவிட்டோம், ஆணும் பெண்ணும் ஒன்றுபோலிருப்பதால் அது தந்தையாகவும் இருந்திருக்கலாம்.)

எத்தனையோ ஆயிரம் கல் கடந்து வந்து, ஓர் உயிர் தன் பிள்ளைக்கு ஊட்டுவதை நாம் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தக் காட்சி போதாதென்று நமக்குத் தோன்றியது என்பதே இன்றும் வியப்பாக இருக்கிறது. நின்றிருக்கும் பறவை எவரும் எடுக்கும் படம். எழும்பும் பறவையே படம் என்று நாம் எங்கோ கற்றிருந்தோம். வெயில் ஏறினால் ஒளி கெடும் என்ற அவசரம் வேறு. வில்லையைப் பொருத்தி, விசையைத் தயாராக்கி, நாம் கூட்டத்தை நோக்கி ஓடினோம். வினாடிக்குப் பத்தாக நாற்பது படங்கள் விழுந்தன. கூட்டம் வளைந்து, ஒளியை வாங்கி, தொலைவிலிருந்த மணல் திட்டை நோக்கிப் போயிற்று. சுவரில் தொங்கியது அவற்றுள் பதினேழாவது படம்.

அவை நின்ற இடத்துக்குச் சென்று பார்த்தோம். கால் கழற்றப்பட்ட நண்டு மல்லாந்து கிடந்தது. ஒருபுறத்துக் கால்கள் மட்டும் காற்றைத் துழாவிக்கொண்டிருந்தன. நண்டின் பக்கம் நின்று பார்த்தால் நாம் விடுதலை வாங்கிக் கொடுத்தவராவோம். ஆனால் அது பிழைக்கப் போவதில்லை என்பதும் தெரிந்தது. உண்பதற்காகத் தொடங்கிய ஒரு சாவை நாம் உணவாகவும் விடாமல் வீணாக்கியிருந்தோம். சற்று நேரத்தில் நீர் ஏறி அந்த இடத்தை மூடிவிட்டது. அன்று காலை அந்தக் குஞ்சுக்கு மறுபடியும் நண்டு கிடைத்ததா என்பது நமக்குத் தெரியாது.

'படம் எடுத்தல்' என்கிறோம். 'படம் பிடித்தல்' என்கிறோம். எடுப்பதும் பிடிப்பதும் வேடனின் வினைகள். துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுக் காமிராவைத் தூக்கிய மனிதன் சொற்களை மட்டும் கீழே வைக்க மறந்துவிட்டான் போலும். துப்பாக்கி உயிரை எடுக்கிறது, காமிரா ஒன்றையும் எடுப்பதில்லை என்பது நம் காலத்தின் பொதுவான ஆறுதல். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அவ்வளவு எளிதாக ஆறுதல் தரவில்லை. வேட்டை என்னும் சொல்லுக்குப் பொருள் கூறுமிடத்து, கொல்லுதலோடு நில்லாமல், கண்ணி வைத்தலையும், இரை காட்டி ஈர்த்தலையும், விரட்டுதலையும், பறவையின் கூட்டையும் முட்டையையும் குலைத்தலையும் அதனுள் அடக்கியது. படத்துக்காக ஓடிய நம்மை எண்ணி அதை எழுதியிருக்க மாட்டார்கள். ஆயினும், விரட்டுதல் என்னும் சொல்லை அங்கே கண்டபோது நம் பெயரைக் கண்டாற்போலிருந்தது.

துப்பாக்கியும் காமிராவும் அவ்வளவு தொலைவான உறவினர் அல்லர் என்பதற்கு இந்தியப் பறவையியலின் தந்தை எனத்தக்க சாலிம் அலியின் வாழ்வே சான்று. சிறுவனாயிருந்தபோது காற்றுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டு வீழ்த்தினார். அதன் கழுத்தில் மஞ்சள் தீற்றல் ஒன்றைக் கண்டு, இது என்ன குருவி என்று மாமா அமீருத்தீன் தயாப்ஜியிடம் கேட்டார். மாமாவுக்குத் தெரியவில்லை; 1908-இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பி வைத்தார். அங்கே செயலாளர் மில்லார்டு குருவியின் பெயரைச் சொன்னதோடு, பதப்படுத்தி அடுக்கப்பட்டிருந்த பறவைகளையும் திறந்து காட்டினார். ஒரு வாழ்நாளின் வழி அங்கே திறந்தது. 1985-இல் வெளிவந்த தன்வரலாற்றுக்கு அந்தக் குருவியின் வீழ்ச்சியையே அவர் பெயராக இட்டார். ஆராய்ச்சிக்காகப் பறவைகளைச் சுட்டுத் தோல் சேர்த்ததையும் அவர் மறைத்ததில்லை. அறிவுக்கு அது தேவை என்றே வாதிட்டார்.

அங்கேயும் ஒரு மாமாவும் ஒரு மருமகனும். அங்கே மருமகன் வீழ்த்திக் கொண்டுவந்தான். மாமா கேள்விக்கு வழி காட்டினார். நம் வீட்டிலோ மாமா பிடித்துக் கொண்டுவந்தார், மருமகன் கேட்டான். ஒரு குருவி விழாமலிருந்தால் சாலிம் அலி இல்லை, அவர் இல்லையேல் எத்தனையோ சரணாலயங்கள் இல்லை என்று சொல்வோர் உண்டு. அந்தக் கணக்கு பிழையென்று நாம் சொல்லத் துணியோம். ஆனால் அந்தக் கணக்கில் ஒரு நெருடல் இருக்கிறது. பின்னால் வந்த நன்மை முன்னால் விழுந்த குருவிக்குப் போய்ச் சேரவில்லை. விலை கொடுத்தது ஒன்று, பயன் பெற்றது வேறொன்று. அப்படியானால் அந்த விலையைக் கேட்டவருக்கு ஒரு பொறுப்பு வருகிறது: அதற்கு ஈடாக ஏதேனும் செய்யும் பொறுப்பு. சாலிம் அலி ஒரு நெடிய வாழ்நாளை அதற்கு ஈடாகத் தந்தார். நாம் தந்தது என்ன? ஒரு சட்டமும் ஓர் ஆணியும்.

இங்கே ஒருவர் இடைமறித்து, பறவை பறப்பதில் அதற்கு என்ன நட்டம், இறகு இருப்பதே பறப்பதற்குத்தானே என்று கேட்கலாம். பாம்பன் பக்கத்து நண்பர் நம்மிடம் அப்படித்தான் கேட்டார். நீர் வடிந்திருக்கும் நேரமே அதற்குச் சோற்று நேரம். நாளொன்றுக்குச் சில மணி அளவே திறந்திருக்கும் அந்தச் சேற்றில் தின்பதைக்கொண்டுதான் அது உடலைக் காக்க வேண்டும். கோடை தொடங்குமுன் மறுபடியும் அரபுக் கரைக்குப் பறக்க வேண்டிய கொழுப்பையும் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு முறை எழும்புவதும் சேமிப்பிலிருந்து எடுக்கும் செலவு. நாம் ஒருவர் ஒருநாள் ஓடியதால் ஒன்றும் குடி முழுகிவிடாது. ஆனால், நாம் படத்தோடு இடத்தையும் சேர்த்து வெளியிட்டோம். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் அதே திட்டுக்கு நான்கு வண்டிகள் போயிருந்தன என்று பின்னர் அறிந்தோம். ஒருவர் ட்ரோன் கொண்டுபோயிருந்தாராம்.

இந்த இடத்தில் ஒரு பழைய செய்தியை நினைக்கத் தோன்றுகிறது. இங்கிலாந்தில் ரிச்சர்டு, செர்ரி என்னும் கியர்ட்டன் உடன்பிறப்புகள் 1892-இல் முட்டைகளோடு கூடிய பறவைக் கூட்டின் முதல் படத்தை எடுத்தவர்கள். பறவை அஞ்சாமலிருக்க, பதப்படுத்திய காளைத் தோலுக்குள் புகுந்து, காளையைப் போல் நின்று படமெடுத்த கதை அவர்களுடையது. கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் அதில் ஒரு கடினமான வினா ஒளிந்திருக்கிறது. மனிதருக்குள் மறைந்திருந்து பார்ப்பது இழிவு. அறியாமல் ஒருவரை எட்டிப் பார்ப்பவனை எந்த ஊரும் மன்னிப்பதில்லை. முன்னே வந்து நின்று, கேட்டுப் பார்ப்பதே முறை. பறவையிடத்திலோ இது தலைகீழாகிறது. முன்னே வந்து நிற்பது கொடுமையாகிறது, மறைந்திருப்பது மரியாதையாகிறது. ஒரே செயல் ஓரிடத்தில் குற்றமாகவும் மற்றோரிடத்தில் பண்பாகவும் ஆவது எப்படி?

நெடுநாள் இதை எண்ணிப் பார்த்தோம். மனிதனுக்குப் பார்வையால் வரும் தீங்கு மானத்தின் வழியே வருகிறது. தான் பார்க்கப்பட்டதை அவன் அறியாவிடினும் அவன் மானம் குறைந்தே போகிறது. பறவைக்குப் பார்வையால் வரும் தீங்கு அச்சத்தின் வழியே வருகிறது. அது அஞ்சாத வரையில் அதனிடமிருந்து நாம் எடுத்துக்கொண்டது ஒன்றுமில்லை. ஆகவே அறம் இரண்டாகவில்லை. புண்படும் இடம்தான் இரண்டு. சிப்பி விற்ற மூதாட்டியிடம் நாம் காமிராவைத் தாழ்த்தியது அவர் 'வேணாம்யா' என்ற காரணத்தால். பறவைக்கு அந்தச் சொல் இல்லை. முகத்தை மூடச் சேலைத் தலைப்பும் இல்லை. அது 'வேண்டா' என்று சொல்லத் தெரிந்த ஒரே வழி எழுந்து பறப்பது.

அப்படியானால் நம் முன்கூடத்துச் சுவரில் நாம் மாட்டி வைத்திருந்தது என்ன? முப்பது பறவைகள் ஒரே குரலில் சொன்ன மறுப்பு. மூதாட்டி சேலைத் தலைப்பை உயர்த்திய கணத்தைப் படமெடுத்து, அதைச் சட்டமிட்டு, பாருங்கள் எவ்வளவு அழகாக முகம் மறைக்கிறார் என்று விருந்தினருக்குக் காட்டியிருந்தால் அது எப்படி இருந்திருக்கும்? தங்கை மகன் கேட்ட வினாவுக்கு நாம் ஏன் மறுமொழி எழுதவில்லை என்பது இப்போது வாசக அன்பர்களுக்குப் புரிந்திருக்கும்.

நம் எண்ணம் தீயதன்றே என்று மனம் வழக்காடிற்று. பறவையின்மேல் உள்ள அன்பினால்தானே போனோம்? உண்மைதான். ஆனால் பறவைக்கு நம் எண்ணம் தெரியாது, தொலைவே தெரியும். அன்போடு ஓடி வருபவனும் பசியோடு ஓடி வருபவனும் அதன் கண்ணுக்கு ஒருவனே. நம் உள்ளத்தின் தூய்மை நம் கணக்கில் எழுதப்படலாம்; அதன் வயிற்றுக்கு அதனால் ஒரு நண்டும் கூடுவதில்லை.

கரைவலை இழுக்கும் பெரியவர் ஒருவர் இதையே நம்மினும் சுருக்கமாகச் சொன்னார். மீனவர்கள் நாள்தோறும் இந்தக் கூட்டத்தின் ஊடே போகிறார்களே, அப்போது பறப்பதில்லையா என்று கேட்டோம். கேள்வியில் சற்றே குற்றச்சாட்டும் இருந்தது என்று ஒப்புக்கொள்கிறோம். நம் பழியில் பங்கு சேர்க்க ஆள் தேடினோம். அவர், "நாங்க வலையத் தூக்கிட்டுப் போறப்ப ரெண்டடி ஒதுங்கும், அம்புட்டுத்தான். ஒங்க மாதிரி ஆளுகளக் கண்டாத்தான் எந்திரிச்சு ஓடுதுக" என்றார். காரணமும் அவரே சொன்னார். அவர்கள் கடலைப் பார்த்துப் போகிறார்கள். நாம் பறவையைப் பார்த்துப் போகிறோம். குனிந்து, பதுங்கி, கண்ணை எடுக்காமல், நேர்கோட்டில் வருபவன் இரை தேடி வருபவன் என்பது பறவைக்குப் பிறவிப் பாடம். அக்கறையில்லாமல் பக்கவாட்டில் கடந்து போகிறவனை அது பொறுத்துக்கொள்கிறது. நம் அக்கறையே அதற்கு அச்சமாகிவிட்டது.

அப்படியானால் படமே கூடாதா? அந்த முடிவுக்கு நம்மால் வர இயலவில்லை. குளிர்காலக் கூட்டத்தில் சாம்பல் முதுகு எத்தனை, கறுப்பு முதுகு எத்தனை என்று ஒரு நல்ல படத்திலிருந்து எண்ணிவிடலாம். அந்த எண்ணிக்கை அவ்வாண்டில் அரபுத் தீவுகளில் எத்தனை வளைகள் குஞ்சு கண்டன என்பதற்கு ஒரு குறிப்பாகும். ஒரே முட்டை இடும் இனத்துக்கு இது சிறிய செய்தியன்று. முட்டையையும் குஞ்சையும் தோண்டி எடுத்து உண்பதும், தீவுக்குள் எலியும் பூனையும் புகுவதும் அதன் பகைகள் என்பர். 2025 ஜூன் மாதத்தில் தமிழ்நாட்டரசு தனுஷ்கோடியில் பூநாரைச் சரணாலயம் அறிவித்தது. ஆண்டாண்டாகப் பறவைகளைப் பார்த்து எண்ணிக் குறித்தவர்களின் உழைப்பு இல்லாமல் இத்தகைய அறிவிப்புகள் பிறப்பதில்லை. பார்ப்பவரே இல்லாத பறவைக்காகப் பேசுபவரும் இருக்க மாட்டார். பார்வையை விலக்கச் சொல்வது எளிது. அது பொறுப்பையும் சேர்த்து விலக்கிவிடும்.

நாம் கண்டவரையில் வேறுபாடு காமிராவில் இல்லை, காத்திருப்பதில் இருக்கிறது. படத்தை நாம் செய்யப் போகிறோமா, படம் தானாக வரும்வரை இருக்கப் போகிறோமா என்பதில் இருக்கிறது. நம் நாட்டின் தலைசிறந்த காட்டுயிர்ப் படக்காரருள் ஒருவரான மா. கிருஷ்ணன் வண்ணம் வந்த பின்னரும் கறுப்பு வெள்ளைப் படங்களையே எடுத்துவந்தார். நண்டுண்ணியை அவர் எடுத்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று அவ்வப்போது எண்ணிக்கொள்வதுண்டு. இயற்கையே வண்ணத்தை விலக்கிய பறவை அல்லவா?

இவ்வாண்டு தையில் மறுபடியும் போனோம். விடியுமுன்னரே சென்று, கரையில் கவிழ்த்துக் கிடந்த வத்தை ஒன்றின் நிழலில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டோம். சிப்பிக் கடை மூதாட்டி அந்த இடத்தில் இல்லை. கடை மட்டும் இருந்தது, ஒரு சிறுமி பார்த்துக்கொண்டிருந்தாள். நீர் வடிய வடியக் கூட்டம் வந்திறங்கியது. அருகே வரும் என்று காத்திருந்தோம், வரவில்லை. கால் மரத்தது. வெயில் ஏறி, ஒளி வெளுத்து, படமெடுப்போர் பெட்டியைப் பூட்டும் நேரமும் கடந்தது. ஒரு சாம்பல் முதுகு மட்டும் தாழ்ந்து தாழ்ந்து கேட்பதும், ஒரு கறுப்பு முதுகு நண்டை உதறிக் கொடுப்பதும் தொலைநோக்கியில் தெரிந்தது. கேட்பது, பெறுவது, விழுங்குவது, மறுபடியும் கேட்பது. மூன்று முறை கண்டோம். நான்கு படங்கள் எடுத்தோம். மதிய வெயிலில் நாம் எழுந்து பின்பக்கமாக நடந்தபோது அவை அங்கேயே நின்றிருந்தன.

வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தால், கடலும் சேறும் வானமுமே படம். முன்கூடத்தில் பழைய படம் இருந்த இடத்தில் ஆணி மட்டும் இருக்கிறது. இதை மாட்ட எவரும் ஒப்பவில்லை. தங்கை மகனுக்கு அனுப்பினோம்.

"பறவை எங்க மாமா?" என்று கேட்டு எழுதினான்.

இடப்புறம், தண்ணீர் ஓரம், மொத்தம் 11. கடைசியில் குனிந்து நிற்பது குஞ்சு என்று மறுமொழி எழுதினோம்.